மதார் பாய் எழுதிய நாலு வரி

அறுபத்தொரு வயதில் மதார் பாய் பெரம்பலூரில் செருப்புக்கடை மாடியில் நடந்த ஆங்கில வகுப்பில் போய்ச் சேர்ந்தார். லப்பைக்குடிக்காட்டிலிருந்து பஸ்ஸில் வரவேண்டும். படிப்பவர்கள் எல்லாம் நர்சிங் பெண்கள், வேலைக்குப் பரீட்சை எழுதும் பையன்கள். முதல் நாள், பேத்தியைச் சேர்க்க வந்திருக்கிறார் என்றுதான் டீச்சர் லீலாவதி நினைத்தாள்.

"பாப்பா வரலைங்களா பாய்?"

"எனக்குத்தாம்மா," என்றார்.

ஷார்ஜாவில் ஓர் ஓட்டலின் சலவைப் பிரிவில் இருபத்தாறு வருஷம் இஸ்திரி போட்டவர். 'மீ டயர்ட்', 'மேனேஜர் ஷவுட்', 'டுமாரோ நோ டியூட்டி' என்றே அத்தனை வருஷமும் ஓடிவிட்டது. அறையில் கூட இருந்த பிலிப்பைன்ஸ்காரன் ரொடெலுக்கும் அவ்வளவுதான் வரும். மேல் கட்டிலில் அவன், கீழ்க் கட்டிலில் இவர், பதினெட்டு வருஷம். மனைவி ஷரீபா மவுத்தான சேதி வந்த அன்று ஊருக்கு டிக்கெட் கிடைக்கவில்லை. ரொடெல் வேலைக்குப் போகாமல் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான். "யூ க்ரை. மீ ஹியர்," என்றான்.

வேலை முடிந்து இருவரும் அவரவர் நாட்டுக்குத் திரும்பினார்கள். மகன் ஆகிப் குடும்பத்தோடு பஹ்ரைனில் இருந்தான். லீவுக்கு மட்டும் வந்து போன பாயை ஊர் இன்னும் விருந்தாளியாகவே பார்த்தது. பள்ளிவாசலில் சலாம் சொல்லிவிட்டு, "எப்ப பயணம்?" என்பார்கள். "இனிமே போறதா இல்லைங்க" என்றால் அதற்குமேல் யாருக்கும் பேச ஒன்றும் இருக்காது.

ரொடெல் எழுதிக் கொடுத்த போன் நம்பர் மட்டும் அவரிடம் இருந்தது. அவனுக்கு ஒழுங்காக, படித்த மனுஷன் மாதிரி ஒரு செய்தி எழுதவேண்டும். அதற்காகத்தான் இந்த வகுப்பு.

"ஐ வந்தா ஆம். ஹி, ஷி, இட் வந்தா இஸ். மத்ததுக்கு ஆர்," என்று லீலாவதி போர்டில் எழுதினாள். "அதே ஹி, ஷி, இட் தினமும் செய்யிற வேலையச் சொன்னா, வினைச்சொல்லுக்குப் பின்னால ஒரு எஸ் சேக்கணும். ஹி ஸ்லீப்ஸ்."

"தூங்குறவன் ஒருத்தன்தானேம்மா, அவனுக்கு எதுக்கு கூடுதலா ஓர் எழுத்து?" என்றார் பாய். வகுப்பே சிரித்தது. அவரும் சிரித்தார். வீட்டில் சாப்பாட்டு மேஜையில் நோட்டை விரித்துச் சத்தமாகச் சொல்லிப் பார்த்தார். ஹி ஈட்ஸ். ஷி குக்ஸ். 'ஷி' என்று சொல்ல அந்த வீட்டில் ஆளில்லை. நோட்டை மூடிவிட்டார்.

மூன்றாம் மாதம் நாலு வரி எழுதி லீலாவதியிடம் காட்டினார். நலமாக இருக்கிறேன், மகன் பஹ்ரைனில் வாழ்கிறான், என் வீட்டில் நாலு அறைகள் இருக்கின்றன, நான் ஒன்றில் வாழ்கிறேன். ஆம், இஸ், எஸ் எதுவும் தப்பவில்லை.

"ஒரு தப்பும் இல்ல பாய்! அனுப்புங்க."

மறுநாள் பதில் வந்தது. வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு போனை அவளிடம் நீட்டினார்.

"ஹூ யூ? யூ நாட் மதார். மதார் நோ டாக் லைக் திஸ். யூ தீஃப். நோ மெசேஜ் மீ."

லீலாவதி வாங்கிப் படித்தாள். "இது உங்க இந்தியா நம்பர். அதான் அடையாளம் தெரியல போல," என்றாள். பாய் பெஞ்சில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"குரல்ல பேசி அனுப்புங்களேன் பாய். நான் திருத்த மாட்டேன்."

பாய் பட்டனை அழுத்தினார்.

"ரொடெல், மீ மதார். நோ தீஃப். மீ ஹவுஸ் பிக். மார்னிங் நோபடி டாக், ஈவினிங் நோபடி டாக். ஹவ் யூ?"

அவர் பஸ் ஏறுவதற்குள் பதில் வந்தது. முதலில் வெறும் சிரிப்பு. பிறகு, "மதார்! மை பிரதர்! மீ சேம், மீ சேம்," என்ற குரல். பஸ் ஸ்டாண்டு இரைச்சலில் போனைக் காதோடு ஒட்டி வைத்து நாலைந்து முறை கேட்டார்.

ஒரு மாதம் தினமும் பேசிக்கொண்டார்கள். பிறகு ரொடெலுக்கு வாட்ச்மேன் வேலை கிடைத்தது. வாரம் ஒன்று, அப்புறம் மாதம் ஒன்று என்று ஆகி, பேச்சு மெல்ல நின்றுபோனது. அவன்மேல் குற்றமில்லை என்றே பாய் சொல்கிறார்.

வகுப்புக்கு மட்டும் இப்போதும் போகிறார். "எழுதவேண்டியதத்தான் எழுதியாச்சே பாய், இவ்வளவு தூரம் எதுக்கு அலையறீங்க?" என்று லீலாவதி கேட்டாள்.

"நீ அட்டெண்டன்ஸ் எடுக்கறப்ப எம் பேரக் கூப்புடறல்லம்மா," என்றார். "வூட்ல கூப்புட ஆளில்ல."