வலது காலுக்கு மட்டும்

மாது எந்த மேடையிலும் ஏறியதில்லை. ஜெயிலுக்குப் போனதில்லை. தர்மபுரியில் ஒரு உயர்நிலைப் பள்ளியின் ரசாயனக் கூடத்தில் சோதனைக் குழாய் கழுவியவர். நல்லம்பள்ளிப் பக்கத்துச் சேரிக்காரர். கூலிக்காரர் சங்கத்துக்காக ஊர் ஊராகச் சுற்றிய காலத்தில் எனக்குப் பழக்கம். தலைவர்களைப் பற்றி எழுத ஆள் இருக்கிறது. நான் இவரைப் பற்றி எழுதுகிறேன்.

முப்பத்தேழாம் வருஷம் அந்த வேலை அவருக்குக் கிடைத்தது. யாருடைய நல்ல மனசும் அதற்குக் காரணமில்லை. அழுகின முட்டை மாதிரி நாறுகிற ஒரு வாயுவை அங்கே தயாரிப்பார்கள். பள்ளி பியூன் அதை ஒருநாள் மோந்துவிட்டு மறுநாள் அந்தப் பக்கமே வரவில்லை. நாற்றத்துக்கு ஆள் தேடினார்கள். மாது கிடைத்தார்.

ரசாயன வாத்தியார் சவுரியப்பன் திருச்சியில் படித்துவிட்டு வந்தவர். வந்த கையோடு ஒரு பலகையில் விதிகளை எழுதிக் கதவில் மாட்டினார். திராவகத்தைத் தண்ணீரில் ஊற்று. தண்ணீரைத் திராவகத்தில் ஊற்றாதே. குழாயின் வாயை யார் முகத்துக்கும் நேரே பிடிக்காதே. எதையும் நாக்கில் வைத்துப் பார்க்காதே. மணல் வாளியும் தண்ணீர் வாளியும் எப்போதும் நிறைந்திருக்கட்டும். கடைசியாக ஒன்று: செருப்பில்லாமல் உள்ளே வராதே.

பண்ணை வீட்டுப் பிள்ளைகளுக்கு இதில் கஷ்டமில்லை. மாதுவுக்கு இன்னொரு விதி இருந்தது. சேரிக்காரன் மேல்சாதிக்காரன் முன்னால் செருப்புப் போடக்கூடாது. அதை எந்தப் பலகையிலும் எழுதவில்லை. எழுதாமலே எல்லோருக்கும் தெரியும். மாதுவின் மைத்துனர் செருப்புத் தைக்கிறவர். பள்ளிக் கமிட்டித் தலைவர் காலில் கிடந்ததும் அவர் தைத்ததுதான்.

"செருப்பு எங்க மாது?" என்று கேட்டார் வாத்தியார்.

"நமக்கு எதுக்குங்க சாமி? காலு காய்ச்சுப் போயிக் கெடக்குது."

"காய்ச்ச காலுன்னு ஆசிட்டுக்குத் தெரியுமாய்யா? நாளைக்கு செருப்போட வா. இல்லாட்டி வராத."

போட்டால் ஊர் கேட்கும். போடாவிட்டால் வேலை போகும். மைத்துனர் ஒரு ஜோடி தைத்துக் கொடுத்தார். மாது அதைத் தெருவில் போடவில்லை. கூடத்தில் மணல் வாளிக்குப் பின்னால் மறைத்து வைத்திருந்தார். காலையில் உள்ளே போனதும் மாட்டிக்கொள்வார். சாயங்காலம் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு வூட்டுக்கு நடப்பார்.

உலகச் சண்டை ஆரம்பித்து ஒரு வருஷம் இருக்கும். கூடத்துக்குப் புதுத் தராசு வாங்கிக் கொடுத்திருந்த கமிட்டித் தலைவர், அதைப் பார்க்க ஒருநாள் சொல்லாமல் வந்து வாசலில் நின்றார். மாது அப்போது கந்தகத் திராவக ஜாடியை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கிக்கொண்டு மேஜைக்குப் போய்க்கொண்டிருந்தார்.

தலைவரைப் பார்த்ததும் கால் தானாகச் செருப்பை உதறியது. வலது கால் செருப்பு கழன்றுவிட்டது. இடது காலில் வார் மாட்டிக்கொண்டது.

"கழட்டாத மாது! மொதல்ல ஜாடிய வையி!" என்று வாத்தியார் கத்தினார்.

மாது இடது காலையும் உதறினார். உடம்பு சாய்ந்தது. ஜாடி மேஜை விளிம்பில் மோதி உடைந்தது.

வாத்தியார் வாளித் தண்ணீரை இரண்டு காலிலும் ஊற்றினார். வாளி தீர்ந்ததும் பிள்ளைகளைக் கிணற்றுக்கு விரட்டினார். தண்ணீர் வர வர ஊற்றிக்கொண்டே இருந்தார். தலைவர் போய்விட்டார். பள்ளி குமாஸ்தா ஓடிவந்து முதலில் கேட்டது இது:

"ஏண்டா, சண்டக் காலத்துல இந்த மாதிரி ஜாடிக்கு நான் எங்கடா போவேன்?"

இடது கால் செருப்பின் தோல் கறுத்துப் பொரிந்து போயிருந்தது. உள்ளே கால் பிழைத்தது. வெறுங்காலாக இருந்த வலது கால் வெந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் வெகுநாள் கிடந்தார். புண் ஆறியது. அதற்குப் பிறகு அந்தக் காலில் உணர்ச்சி இல்லை. முள் குத்தினால் ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார்.

சவுரியப்பன் அந்தக் கறுத்த செருப்பைக் கொண்டுபோய்க் கமிட்டி மேஜையில் வைத்தார். "இது இருந்த கால் இருக்குதுங்க. இல்லாத கால் போச்சு. மாதுவுக்கு செருப்புப் போட உத்தரவு குடுங்க."

கமிட்டி கூடிப் பேசி உத்தரவு போட்டது. கூடத்துக்குள் செருப்புப் போடலாம். புண்பட்ட வலது காலில் மட்டும்.

இதைக் கேட்டுச் சிரிக்க வேண்டாம். படித்தவர்கள் உட்கார்ந்து போட்ட உத்தரவு.

மைத்துனர் வழக்கம்போல ஜோடியாகத்தான் தைத்தார். வலதுகால் செருப்புக்குக் கணுக்காலைச் சுற்றி ஒரு வாரும் வைத்தார். மரத்த காலில் செருப்பு நழுவினால் தெரியாதே. வலது தேயும், புதுசு வரும். இடது அப்படியே வூட்டு விட்டத்தில் தொங்கும். வருஷம் போகப் போக விட்டத்தில் இடதுகால் செருப்புகள் வரிசையாகத் தொங்கின. நானே பார்த்தேன்.

"எங்கண்ணன் மனுசனுக்குத் தைக்கறானா, கொக்குக்குத் தைக்கறானா?" என்று கேட்டார் மாதுவின் மனைவி பாஞ்சாலி. மாது கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். அந்தக் காலத்தில் நான் அவரைச் சங்கத்தில் சேரச் சொன்னேன். கேட்டுக்கொண்டார், எழுந்து போனார்.

நாற்பத்துமூன்றில் ஒரு பையன் நைட்ரிக் திராவகக் குப்பியைக் கீழே போட்டான். மாதுவின் இடது காலுக்குப் பக்கத்தில் விழுந்தது. சுண்டுவிரலில் ஒரு துளி தெறித்தது. தண்ணீர் ஊற்றியும் மஞ்சள் கறை போகவில்லை. அன்று ராத்திரி மாது விட்டத்தில் இருந்து ஒரு இடதுகால் செருப்பை எடுத்தார்.

மறுவாரம் பரீட்சை. கமிட்டித் தலைவர் மேற்பார்வைக்கு வந்தார். மாது கையில் மறுபடியும் திராவக ஜாடி. காலில் இரண்டு செருப்பு. தலைவர் பார்த்தார்.

"என்னடா இது, ரெண்டு காலுலயும்? கழட்டுடா."

"கையில ஆசிட் இருக்குதுங்க சாமி. கழட்டறேன். இத செத்த புடிச்சிக்கறீங்களா?"

கேலியாகக் கேட்கவில்லை. கடையில் உப்பு இருக்கிறதா என்று கேட்கிற குரலில் கேட்டதாக வாத்தியார் என்னிடம் சொன்னார். ஜாடியை நீட்டவும் செய்திருக்கிறார். தலைவர் பின்னால் நகர்ந்தார். மாது மேஜைவரை நடந்து ஜாடியை வைத்துவிட்டுத் திரும்பியபோது வாசலில் ஆள் இல்லை.

இதில் வெற்றி என்று எழுத ஒன்றுமில்லை. உத்தரவு மாறவில்லை. அந்த நாற்றத்துக்கு வேறு ஆள் கிடைக்காததால் அவரை நீக்கவும் இல்லை. தலைவர் அப்புறம் அந்தக் கூடத்துக்கு வரவில்லை. தெருவில் மாது எப்போதும்போல வெறுங்காலோடுதான் நடந்தார்.

சேதி கேள்விப்பட்டு அவர் வூட்டுக்குப் போனேன். இதைத் துண்டுப் பிரசுரமாகப் போடலாமா என்று கேட்டேன். எங்கிருந்து வந்தது இந்தத் தைரியம் என்றும் கேட்டேன்.

"தைரியமெல்லாம் இல்லீங்க. காலு இன்னும் ஒண்ணு மீதி இருக்குது. அதான்."

பிரசுரம் வேண்டாம் என்றார். பிறகு இடது காலை மெல்லத் தூக்கித் தொடைமேல் வைத்துப் பார்த்தார். புதுச் செருப்பின் தோல் கடித்துச் சுண்டுவிரலோரம் கொப்புளம் கட்டியிருந்தது.

"இது வலிக்குதுங்க" என்றார்.