அம்மாவின் எழுபதாம் பிறந்தநாளுக்கு ஓர் இடம்

எங்கள் குடும்பத்தில் யாருக்குப் பிறந்தநாள் வந்தாலும் சாப்பாட்டுக்கு இடம் பார்ப்பது என் வேலை. யாரும் இதை என்னிடம் ஒப்படைக்கவில்லை. நானும் ஏற்றுக்கொண்டதாக நினைவில்லை. அண்ணன் தீவின் மேற்குக் கோடியில், பூன் லேயில் மனைவி மக்களோடு இருக்கிறார். தங்கை கிழக்கே பிடோக்கில்; அவளுக்கு இரட்டைப் பிள்ளைகள். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, தோ பாயோவில் அம்மாவோடு இருக்கிறேன். ஆகவே எனக்கு நேரம் நிறைய இருக்கிறது என்பது அவர்களுடைய முடிவு. பகல் முழுக்க ஒரு பல் மருந்தகத்தின் முகப்பில் உட்கார்ந்து ஊராருக்கு மருத்துவரைப் பார்க்க நேரம் குறித்துக் கொடுக்கிறேன். வேலை முடிந்தபின் அதையே குடும்பத்துக்கும் செய்ய வேண்டும்.

சென்ற ஆண்டு அம்மாவுக்கு எழுபது வயது. எங்கே போகலாம் என்று வாட்ஸ்அப் குழுவில் கேட்டேன். "எங்கன்னாலும் ஓகேலா" என்று அண்ணன் எழுதினார். தங்கை ஒரு கட்டைவிரலைப் போட்டாள். எங்கே என்றாலும் சரி என்பவர்களோடுதான் எனக்குப் பெரும்பாடு. அண்ணி சுத்த சைவம். இறைச்சி கிளறிய கரண்டி பட்டுவிட்டால் அந்தச் சாப்பாட்டைத் தொடமாட்டார். தங்கையின் கணவர் தமிழ் முஸ்லிம். ஹலால் இல்லாத இடத்தில் கை நனைக்க மாட்டார். அம்மாவால் படி ஏற முடியாது, முழங்கால் அப்படி. அண்ணனுக்கோ ஆட்டிறைச்சி இல்லையென்றால் அது விருந்தே இல்லை.

வேலை விட்டதும் நேராக லிட்டில் இந்தியாவுக்குப் போய் ஒவ்வொரு கடையாகப் பார்த்தேன். தொலைபேசியில் கேட்டால் எல்லாரும் எல்லாம் இருக்கிறது என்பார்கள். நேரில் போனால்தான் பெரிய மேசை மாடியில் இருப்பதும், மாடிப்படி செங்குத்தாக நிற்பதும் தெரியும். ஒரு கடையில் வார இறுதியில் முன்பதிவே கிடையாது, வந்து வரிசையில் நில்லுங்கள் என்றார்கள். இன்னொன்றில் இடம் தருகிறோம், ஆனால் ஒரே மேசையாகத் தர முடியாது என்றார்கள். கடைசியில் சிராங்கூன் சாலையிலிருந்து உள்ளே போகும் ஒரு தெருவில், தரைத்தளத்தில், ஹலால் சான்றிதழ் மாட்டிய ஒரு கடை கிடைத்தது. சைவத்துக்குத் தனி அடுப்படி இருந்தது. அண்ணிக்காக அதையும் எட்டிப் பார்த்துவிட்டு வந்தேன். அம்மாவுக்குப் பிறந்தநாள் என்று சொன்னதும் மேலாளர், "பால் பாயசம் நாங்களே செஞ்சு வச்சிடுறோம்மா, அதுக்கு நீங்க அலைய வேணாம்" என்றார். மேசையைப் பதிவு செய்துவிட்டு அன்று ரயிலில் திரும்பும்போது வெகுநாளைக்குப் பிறகு எனக்கு நிம்மதியாக இருந்தது.

பிறந்தநாள் சனிக்கிழமை. வியாழன் மதியம் நான் வேலையில் இருந்தபோது அண்ணன் கூப்பிட்டார்.

"லிட்டில் இந்தியாவுல சனிக்கிழமை பார்க்கிங்கே கெடைக்காது. நான் இங்க எங்க வீட்டுப் பக்கம் ஜூரோங்ல ஒரு ஹோட்டல் பஃபே புக் பண்ணிட்டேன். எல்லாருக்கும் ஈஸிலா."

"நான் புக் பண்ணியாச்சேண்ணே. போன வாரமே குரூப்புல போட்டேனே."

"அத கேன்சல் பண்ணிடு. சாப்பாட்டுக் கடைதானே."

எதிரே கன்னம் வீங்கிய ஒருவர் காத்திருந்தார். அவரை வைத்துக்கொண்டு சண்டை போட முடியவில்லை. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். உனக்கு எங்கே போக ஆசை, நீயே சொல்லு என்றேன்.

"எங்க போனா என்ன. அண்ணன்கிட்ட சண்டைக்குப் போவாத" என்று சொல்லிவிட்டு அம்மா தொலைக்காட்சியின் பக்கம் திரும்பிக்கொண்டார். அண்ணன் செய்ததைவிட அதுதான் எனக்கு அதிகம் வலித்தது. கடைக்குத் தொலைபேசியில் பேசி ரத்து செய்தேன். "பரவால்லம்மா, இன்னொரு நாள் வாங்க" என்றார் மேலாளர். அவர் திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது.

சனிக்கிழமை ஜூரோங் போனோம். பளிங்குத் தரை, உயரமான விளக்குகள், ஒரு மூலையில் மதுப்புட்டிகளின் வரிசை. சாப்பாடு மண்டபத்தின் அந்தக் கோடியில் இருந்தது. அம்மா தடியை ஊன்றிக்கொண்டு தட்டையும் ஏந்த முடியாமல் ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தார். நான்தான் போய்ப் போய் எடுத்து வந்தேன். அண்ணி ரொட்டியும் தர்ப்பூசணியும் மட்டும் எடுத்து வந்தார். இங்கே உங்களுக்கு ஒன்றும் இல்லையே, அண்ணனிடம் சொல்லக்கூடாதா என்று கேட்டேன். "அவரு அப்படித்தான், விடுங்க" என்றார். தங்கை கணவரின் முன்னால் எலுமிச்சைச் சாறு மட்டும் இருந்தது.

"நீங்க சாப்பிடுங்கக்கா. நான் காலையில லேட்டாதான் பசியாறினேன்" என்றார் அவர்.

நான் அண்ணனைப் பார்த்தேன். "இது ஹலாலான்னு கேட்டியாண்ணே?"

"போர்க் இல்ல, பன்னிக் கொழுப்பும் இல்லன்னு வாசல்லயே போட்டிருக்கான்ல?"

"அதுவும் ஹலாலும் ஒண்ணா?"

தங்கை பிள்ளைகளுக்கு வாய் துடைப்பதுபோல் குனிந்துகொண்டாள். கேக்கைக் கொண்டுவரச் சொல்லி அண்ணன் பணியாளருக்குக் கை காட்டினார். அப்போதுதான் அம்மா தட்டைத் தள்ளி வைத்தார்.

"மாப்பிள்ளை வயித்த காயப்போட்டுட்டு நான் கேக் வெட்ட மாட்டேன்" என்றார். குரலை உயர்த்தவில்லை. "எந்திரிங்க. வேற எங்கயாவது போவோம்."

"மாமி, எனக்காக வேணாம்" என்று தங்கை கணவர் பதறினார். அம்மா தடியை எடுத்துவிட்டார். அண்ணன் முகம் சிவந்து முணுமுணுத்தபடி பின்னால் வந்தார்.

பக்கத்து அடுக்குமாடிகளுக்கு நடுவே இருந்த, ஹாக்கர் சென்டர் என்று இங்கே சொல்லும் உணவங்காடிக்கு அம்மாவை மெல்ல நடத்திப் போனோம். ஹலால் கடையில் பிரியாணியும், அடுத்திருந்த சைவக் கடையில் தோசையும் கிடைத்தன. மேசைகள் தரையோடு பதித்தவை, சேர்த்துப் போட முடியாது. பிரிந்துதான் உட்கார்ந்தோம். கையோடு கொண்டுவந்த கேக் காற்றாடிக்கு அடியில் உருகிச் சரிந்தது. தங்கை கணவர் தலை நிமிராமல் சாப்பிட்டார். எவ்வளவு பசித்திருந்தார் என்பது அப்போதுதான் தெரிந்தது. அம்மா சிரித்த முகமாக இருந்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தச் சிராங்கூன் சாலைப் பக்கத்துக் கடையில் இவ்வளவும் ஒரே மேசையில் கிடைத்திருக்கும் என்ற நினைப்பு போகவே இல்லை.

இப்போதெல்லாம் அண்ணன் அந்த நாளைப் பற்றி உறவினர்களிடம் பெருமையாகப் பேசுகிறார். "ஹோட்டல்லேர்ந்து எந்திரிச்சு ஹாக்கர் சென்டர் போனோம், செம ஜாலி" என்கிறார். நான் இடம் பார்த்து வைத்திருந்தது அந்தக் கதையில் கிடையாது. அம்மாவும் திருத்துவதில்லை.

போன வாரம் அண்ணி கூப்பிட்டார். அடுத்த மாதம் அண்ணனுக்கு ஐம்பதாவது பிறந்தநாள். "நீங்களே ஒரு நல்ல எடமா பாத்துடுங்களேன். உங்களுக்குத்தான் தெரியும்" என்றார்.

"இந்த வாட்டி அண்ணனையே பாக்கச் சொல்லுங்கண்ணி" என்றேன்.

அவர் சரி என்று வைத்துவிட்டார். இப்படிச் சொல்ல வேண்டும் என்று எத்தனையோ வருடங்களாக நினைத்திருக்கிறேன். சொன்னால் மனம் லேசாகும் என்று நம்பியிருந்தேன். ஆகவில்லை. தட்டுகளைக் கழுவிக்கொண்டே, படி இல்லாத இடமாக அண்ணன் பார்ப்பாரா, அண்ணி என்ன சாப்பிடுவார் என்று எரிச்சலோடு யோசித்துக்கொண்டிருந்தேன்.