பாதி மூட்டும் முழு மூட்டும் கண்ட எங்கள் அக்கா

கோலசிலாங்கூர் பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றின் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில், எங்கள் வீட்டு மூத்த பிள்ளையாகப் பிறந்தவர் அக்கா. அம்மா ரப்பர்ப் பாலுக்கு மரம் வெட்டப் போனதும் தம்பி தங்கைகளை இடுப்பில் சுமந்தார். வளர்ந்தபின் ஆயாக் கொட்டகையில் வேலைக்குச் சேர்ந்து, தோட்டத்துப் பிள்ளைகளையெல்லாம் சுமந்தார். தரையில் உட்கார்ந்து எழுந்தே அவருடைய முழங்கால்கள் இரண்டும் வளைந்துபோயின. சிரிப்பு மட்டும் குறையவில்லை.

1980களின் நடுவில் அவரைக் கோலாலம்பூருக்கு அழைத்துப் போனோம். இடது மூட்டு முழுவதும் போய்விட்டது, முழுதாக மாற்றியே ஆகவேண்டும் என்றார் டாக்டர். வலதில் உள்பக்கம் மட்டுமே தேய்ந்திருந்தது. அந்தப் பாதியை மட்டும் மாற்றினால் சொந்தத் தசைநார்கள் மிஞ்சும், கால் நன்றாக மடங்கும். ஆனால் மீதிப் பாதி பின்னாளில் தேய்ந்தால் மறுபடி அறுக்க வேண்டிவரும்.

ஒரே தடவையில் தொல்லை ஒழியட்டும், வலதையும் முழுதாக மாற்றிவிடுங்கள் என்று அத்தானும் நானும் வற்புறுத்தினோம். அக்கா இணங்கவில்லை.

"நல்லா இருக்கிற பாதிய எதுக்குடா வெட்டிப் போடணும்? அது என்னா பாவம் செஞ்சிச்சு?"

டாக்டர் சிரித்துவிட்டார். ஆனாலும், திறந்து பார்க்கையில் மறுபக்கமும் கெட்டிருந்தால் முழுதாகத்தான் மாற்றுவேன் என்றார். அதற்கு ஒப்பி, முதலில் வலது மூட்டுக்காக அக்கா உள்ளே போனார். வெளியே அத்தான் கூப்பிய கையை இறக்கவேயில்லை. மயக்கம் தெளிந்ததும் அக்கா என்னிடம், "பாதியா, முழுசா?" என்றார். பாதிதான் என்றேன். அப்படியொரு மலர்ச்சியை அவர் முகத்தில் நான் கண்டதில்லை.

மறு வருடம் இடது மூட்டு முழுதாக மாறியது. பாதி மூட்டு சீக்கிரமே நடக்கவிட்டது. முழு மூட்டு பல மாதம் அழவைத்து, அப்புறம்தான் வழிக்கு வந்தது. எது நல்லதென்று கேட்டு, கலும்பாங்கிலிருந்துகூட ஆட்கள் வந்தார்கள்.

"பாதி சொன்ன பேச்சு கேக்கும், முழுசு பாரம் தாங்கும். ஒனக்கு எதுன்னு படம் பிடிச்சுப் பாத்து டாக்டர் சொல்லட்டும் லா" என்பார்.

தன் மகளின் கல்யாணத்தில் பந்தி முடியும்வரை அக்கா உட்காரவில்லை. மூட்டுவலியே அறியாத அத்தான்தான் நாற்காலி தேடினார்.

சென்ற ஆண்டு ஒரு காலையில், வாசலில் கோலம் போட்டுவிட்டு வந்து படுத்தவர், அமைதியாகக் கண்மூடினார்.

அவருக்கு நடை தந்த மருத்துவருக்கும் தாதியருக்கும், துக்க நாள்களில் எங்களுக்குச் சோறாக்கிப் போட்ட லயத்துப் பெண்களுக்கும் கைகூப்புகிறோம். அக்காவிடம் கேட்டுத் துணிந்து, தாமும் மூட்டு மாற்றிக்கொண்ட செகிஞ்சான் ஊர் மீன் வியாபாரி, வண்டியில் ஏற மறுத்து, இறுதி ஊர்வலத்தில் சுடுகாடுவரை நடந்தே வந்தார். அவருக்கு எங்கள் தனி நன்றி.