கொடிமலையில் வழி கேட்டவர்

இன்று அண்ணியோடு மலை ரயிலேறிக் கொடிமலை உச்சிக்குப் போயிருந்தேன்.

போன மாதம் என்னைப் பெண் பார்க்க வந்தவர் அங்கே நின்றார். கேசரியை இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, "ரொம்பப் படிக்கிற பொண்ணு, குடும்பத்துக்குச் சரிப்படாது" என்று சொல்லியனுப்பியவர். காலில் புது வெள்ளைச் சப்பாத்து, கூடவே நண்பர்கள்.

காட்டுப் பாதை இரண்டாகப் பிரியும் இடம் அது.

"ரயிலடிக்கு எந்தப் பக்கம்?" என்று அண்ணியிடம் கேட்டார். என்னைப் பார்க்கவே இல்லை.

நான் முந்திக்கொண்டேன். "இடது பக்கம், அண்ணே. வலது பக்கம் போனா தண்ணீர்மலை வரைக்கும் காடுதான். அட்டை கடிக்கும்."

'அண்ணே' என்றதும் நண்பர்கள் சிரித்துவிட்டார்கள். அவர் முகம் சிவந்தது.

"புத்தகத்துல படிச்சிட்டுச் சொல்றாங்க. வாங்கடா, வலது பக்கம்!"

அண்ணி கூப்பிட வாயெடுத்தார். நான் அவர் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். நான் சொன்னால் அந்த மனிதர் எதிர்ப்பக்கம்தான் போவார் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் உண்மையைச் சொன்னேன்.

நாங்கள் ரயிலில் மலையிலிருந்து கீழே இறங்கும்போது மழை கொட்டியது. அந்த வெள்ளைச் சப்பாத்தை ஆசையாக நினைத்துக்கொண்டேன்.

என் மேல் குற்றம் இருக்கிறது என்பவர்கள் வீட்டுக்கு வந்து சொல்லுங்கள். கேசரி கிண்டி வைக்கிறேன்.