எதெல்காவின் அண்டாப் படம்

எதெல்கா போக்னாருக்கு ஒரு மார்ச் மாதக் காலையில் பல் துலக்கும்போது வாயில் ஊற்றிய தண்ணீர் ஓரமாக வழிந்தது. துடைத்துவிட்டு மறுபடி ஊற்றினாள். மறுபடியும் வழிந்தது. கண்ணாடியைப் பார்த்தபோது முகத்தின் இடது பாதி கீழே இறங்கியிருந்தது. கணவன் டெஜோ பயந்துபோய் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனான். அது பக்கவாதம் இல்லை, முக நரம்பில் வந்த கோளாறு, சில மாதத்தில் சரியாகிவிடும் என்று டாக்டர் சொன்னார். பலருக்கு அப்படித்தான் ஆகும். எதெல்காவுக்குப் பாதிதான் சரியானது. கண் மூடத் தொடங்கியது, பேச்சு திரும்பியது. வாய் மட்டும் கோணலாகவே நின்றுவிட்டது.

அவள் ஹங்கேரியின் பேச் என்ற நகரத்தில் ஓர் ஆஸ்பத்திரியின் சமையலறையில் வேலை பார்த்தாள். டெஜோ அங்கிருந்து மொஹாச் என்ற ஊருக்குப் பஸ் ஓட்டுகிறவன். ஊரான்வாரோஷ் என்ற பகுதியில், சுரங்கத் தொழிலாளிகளுக்காகக் கட்டிய பழைய அடுக்குவீடு ஒன்றில் மூன்றாம் மாடியில் இருந்தார்கள். அந்தக் கோடையில் எதெல்கா வீட்டிலிருந்த கண்ணாடிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். டெஜோ டிப்போவுக்குப் போய் பஸ்ஸின் பக்கக் கண்ணாடியில் பார்த்துச் சவரம் செய்துகொண்டான். கூட வேலை செய்கிறவர்கள் கேட்டதற்கு, வீட்டில் வெளிச்சம் போதவில்லை என்றான்.

செப்டம்பரில் அவள் தங்கை யோலானின் மகள் பொக்லார்காவுக்கு மொஹாச்சில் கல்யாணம். எதெல்கா மூன்று அடுக்குக் கேக் செய்து டெஜோ கையில் கொடுத்தனுப்பினாள். தான் போகவில்லை. சமையலறையில் ஆள் இல்லை, லீவு கிடைக்கவில்லை என்று சொல்லச் சொன்னாள். அந்த வாரம் முழுக்க அவள் லீவில் வீட்டில்தான் இருந்தாள் என்பது ஒரு மாதம் கழித்து யாரோ சொல்லி யோலானுக்குத் தெரியவந்தது. அவள் சண்டை போடவில்லை. போன் செய்வதை நிறுத்திவிட்டாள். கிறிஸ்துமஸுக்குக்கூடப் பேசவில்லை.

அடுத்த வருஷம் அடையாள அட்டை காலாவதியானது. புதுப்பிக்கப் போனால் அங்கேயே படம் எடுப்பார்கள். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பெண் இரண்டு முறை எடுத்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள்.

"வாயைக் கொஞ்சம் நேரா வெச்சுக்குங்க."

"நேராத்தாங்க வெச்சிருக்கேன்" என்றாள் எதெல்கா.

அந்தப் பெண் முகம் சிவந்து மன்னிப்புக் கேட்டாள். எதெல்கா பரவாயில்லை என்றாள். அட்டை வந்ததும் ஒருமுறை பார்த்துவிட்டுப் பர்ஸில் பஸ் பாஸுக்குப் பின்னால் செருகி வைத்தாள்.

அதற்குப் பிறகு ஒருநாள், பீன்ஸ் சூப் இறக்கியபின் பெரிய கரண்டியைக் கழுவித் துடைத்துக்கொண்டிருந்தாள். கரண்டியின் முதுகில் அவள் முகம் தெரிந்தது. மூக்கு உருளைக்கிழங்கு மாதிரி முன்னால் வந்து நிற்க, கன்னங்கள் இரண்டும் பின்னால் ஓடியிருந்தன. கோணல் வாய் எங்கோ ஒரு கீறலாகிவிட்டது. பக்கத்தில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவளைக் கூப்பிட்டுக் கரண்டியில் பார்க்கச் சொன்னாள். அவள் முகமும் அப்படித்தான் இருந்தது. எதெல்கா சிரித்துவிட்டாள். கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்துக் கரண்டியைப் படம் பிடித்தாள். அதுதான் முதல் படம்.

தொடக்கத்தில் முகம் ஓரளவு தெரிகிற படங்கள் எடுத்தாள். மூடி, கெட்டில், சோடா பாட்டிலின் உலோகத் தலை. கொஞ்ச நாளில் முகம் அவளுக்குச் சலித்துவிட்டது. வளைவுகளுக்குள் போனை எங்கே பிடித்தால் தன் தொப்பி ஒரு வெள்ளைக் கோடாகிறது, கை எப்போது ஆரஞ்சுத் திட்டாகிறது என்று பார்க்கத் தொடங்கினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர் நடுவில் இருக்கும் ஜோல்னாய் நீரூற்றுக்குப் போவாள். அங்கே தண்ணீர் கொட்டும் பீங்கான் காளைத் தலைகளின் பச்சையும் பொன்னுமான மினுக்கத்தில் அவளுடைய கோட்டு ஊதா நிறத்தில் உருகி ஓடும். சுற்றுலா வந்தவர்கள் நீரூற்றின் முன்னால் நின்று சிரித்துப் படம் எடுத்துக்கொள்ளும்போது, இவள் ஒரு காளையின் கழுத்தில் மூக்கு முட்டுகிற மாதிரி குனிந்து நிற்பாள். ஒரு விதி மட்டும் வைத்திருந்தாள். தான் இல்லாத படம் எடுக்கக் கூடாது.

டெஜோவுக்கு இது ஒன்றும் பிடிபடவில்லை.

"இதுல நீ எங்கடி இருக்கே? என் பஸ் சக்கரத்து மூடியைப் படம் எடுத்துட்டு உன் முகம்ங்கறே. கொஞ்ச நாள் போனா என்னையே டயர்னு சொல்லுவே."

"அந்தக் கறுப்பா வளைஞ்சிருக்கே, அது நீதான்" என்றாள் எதெல்கா. "பக்கத்துல நின்னு கத்திக்கிட்டிருந்தே இல்ல."

டெஜோ போனை வாங்கிக் கொஞ்சநேரம் பார்த்தான். அதற்குமேல் கேலி செய்யவில்லை.

நான் இருக்கும் புகைப்படக் குழுவுக்கு அவளை அனுப்பியதும் அவன்தான். பண்பாட்டு மன்றத்தின் மாடியில் வியாழக்கிழமை மாலைகளில் கூடுவோம். ஆர்பாத் என்ற பள்ளி ஆசிரியர் நடத்துகிறார். பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்கள், விலை உயர்ந்த கேமரா வைத்திருப்பவர்கள். எதெல்கா போனை மட்டும் கொண்டுவந்து கதவோரம் உட்கார்ந்தாள். அவள் முகத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

அந்த வருஷ இலையுதிர்காலக் கண்காட்சிக்குத் தலைப்பு, தன்னைத்தானே எடுத்த படம். குழுவில் இருந்த கெலெமென் மாமா தொப்பி போட்டுக்கொண்டு, புகைக்குழாய் பிடித்தபடி கம்பீரமாக எடுத்திருந்தார். நான் சுவரில் விழுந்த என் நிழலை எடுத்திருந்தேன். எதெல்கா கொண்டுவந்தது சமையலறை அண்டாவின் வெளிப்பக்கம். நெடுக ஒரு வெள்ளை நாடா, நடுவில் ஒரு சிவப்புப் புள்ளி, மேலே ஆவி, அடியில் ஏதோ ஒரு முடிச்சு.

கெலெமென் மாமா நேரத்தை வீணாக்கவில்லை.

"அண்டா நல்லாத்தான் இருக்கு. ஆனா ஆளு வேணுமில்லம்மா?"

"ஆளு இருக்கேன் மாமா. வழக்கமா இருக்கற மாதிரி இல்ல, அவ்வளவுதான்."

"சரி. இந்த அடியில இருக்கற முடிச்சு என்ன?"

எதெல்கா எட்டிப் பார்த்தாள். தெரியவில்லை என்று ஒப்புக்கொண்டாள். தரை கழுவுகிற ரப்பர் குழாயாக இருக்கலாம் என்றாள். கொஞ்சநேரம் விவாதம் நடந்தது. ஆர்பாத் கடைசியில் படத்தை மாட்டுவோம் என்றார். சுவரில் இடம் போதாமல் அது கழிப்பறைக் கதவுக்குப் பக்கத்தில் போய்ச் சேர்ந்தது. நல்ல இடம், எல்லாரும் கட்டாயம் பார்ப்பார்கள் என்று கெலெமென் மாமா ஆறுதல் சொன்னார்.

கண்காட்சி ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் திறந்தது. மேஜையில் உப்பு ரொட்டியும், ஒயினும் சோடாவும் இருந்தன. எதெல்கா கோட்டு மாட்டும் இடத்தருகே நின்றாள். டெஜோ மொஹாச்சிலிருந்து பஸ் கொண்டுவந்து நிறுத்திவிட்டுச் சீருடையோடு வந்தான். கூட யோலான் வந்தாள். எதெல்காவிடம் அவன் முன்கூட்டிச் சொல்லவில்லை. வாரக்கணக்காக மொஹாச் பஸ் நிலையத்தில் காப்பி குடித்தபடி யோலானிடம் பேசிப் பேசி அழைத்து வந்ததாகப் பிறகு என்னிடம் சொன்னான்.

யோலான் அக்காவைத் தேடவில்லை. நேரே போய்ப் படங்களை வரிசையாகப் பார்த்தாள். படங்களுக்கு அடியில் இன்னும் பெயர் ஒட்டியிருக்கவில்லை. கழிப்பறைப் பக்கம் வந்து நின்றவள் நகரவில்லை. அங்கே நின்றிருந்த கெலெமென் மாமாவிடம் சொன்னாள்:

"இது எங்கக்கா."

"எப்படிம்மா கண்டுபிடிச்சே?"

"கொக்குக் கால்." அடியில் இருந்த முடிச்சைக் காட்டினாள். "ஒரு காலை இன்னொரு காலைச் சுத்திப் போட்டுக்கிட்டு நிக்கறா பாருங்க. சின்ன வயசுல பாத்திரம் கழுவும்போதெல்லாம் இப்படித்தான் நிப்பா. அம்மா துடைப்பத்தால காலைத் தட்டுவா."

கெலெமென் மாமா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். பிறகு என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார். சொன்ன பிறகு எனக்கும் தெரிந்தது, கால்தான்.

எதெல்கா வந்து தங்கைக்குப் பக்கத்தில் நின்றாள். நாங்கள் விலகிக்கொள்ள நினைத்தோம், ஆனால் இடம் குறுகல்.

"ஏன்க்கா வரல கல்யாணத்துக்கு?"

"போட்டோ எடுப்பாங்கன்னு."

"அதுக்கா?"

"அதுக்குத்தான்."

யோலான் அக்காவின் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள். அந்தக் கோணலை அவள் பார்ப்பது அதுதான் முதல்முறை. வெகுநேரம் பார்த்தாள். எதெல்கா முகத்தைத் திருப்பவில்லை.

"பொக்லார்கா வாசலையே பாத்துக்கிட்டிருந்தா. பெரியம்மா வந்தாத்தான் கேக் வெட்டுவேன்னு அடம். நீ என்னடான்னா ஒளிஞ்சுக்கிட்டே. இங்கயும் அண்டாவுக்குள்ளதான் ஒளிஞ்சிருக்கே."

"ஒளியறதுக்குத்தான் ஆரம்பிச்சேன்" என்றாள் எதெல்கா. "அப்புறம் மறந்துபோச்சு."

"என்ன மறந்துபோச்சு?"

"மூஞ்சி."

யோலான் மேஜைக்குப் போய் ஒரு உப்பு ரொட்டியை எடுத்துக் கடித்துவிட்டுக் காய்ந்துபோயிருக்கிறது என்றாள். அது தன் கையால் செய்ததல்ல என்றாள் எதெல்கா. இருவரும் கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே படிக்கட்டில் போய் உட்கார்ந்தார்கள். என்ன பேசினார்கள் என்று தெரியாது. டெஜோவுக்குத் திரும்பும் பஸ் நேரமாகிவிட்டது. யோலான் அதில் ஏறிப் போனாள். எதெல்கா மேலே வந்து, காலியான கிளாஸ்களை எடுத்துக் கழுவப் போனாள்.

அடுத்த வசந்தத்தில் பொக்லார்காவின் குழந்தைக்கு ஞானஸ்நானம். எதெல்கா மொஹாச்சுக்குப் போனாள். தேவாலயத்துக்கு வெளியே எல்லாரையும் வரிசையாக நிறுத்தினார்கள். இவளை இரண்டாம் வரிசையில் யோலானுக்கும் டெஜோவுக்கும் நடுவில் நிற்க வைத்தார்கள். படம் எடுத்தவர் சிரிக்கச் சொன்னபோது வலது பாதி சிரித்தது, இடது பாதி சும்மா இருந்தது. அந்தப் படத்தை டெஜோ எனக்குக் காட்டினான். நல்ல படம் என்று சொல்ல முடியாது. வெயில் நேரே கண்ணில் அடித்ததால் பாதிப்பேர் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

வீட்டில் கண்ணாடிகள் மறுபடி சுவரேறின. சவரக் கண்ணாடியைத் தானே மாட்டிக்கொண்டதாக டெஜோ சொன்னான்.

வியாழக்கிழமைகளில் இன்னும் வருகிறாள், கதவோரம்தான் உட்காருகிறாள். போன வாரம் ஒரு படம் கொண்டுவந்தாள். வெண்மையில் ஒரு நீலம், நடுவே இளஞ்சிவப்பாக அகன்ற ஒரு குழி. என்ன என்று ஆர்பாத் கேட்டார். பல் டாக்டரின் விளக்கு என்றாள். வாயைத் திறந்து படுத்தபடி எடுத்தாளாம். டாக்டர் திட்டினாராம்.