செருப்பு கழற்றும் இடம்

சாத்தூருக்கும் சிவகாசிக்கும் நடுவில் நிலம் வைத்திருந்தவர்கள் மேல் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் தீரவில்லை. இரண்டாயிரம் பிறந்து ஐந்தாறு வருடம் ஆகியிருந்த சமயம். கேரளத்து ரப்பர் எஸ்டேட்டில் புல் வெட்டும் வேலை பார்த்துவிட்டு, அங்கே ஒருவர் கழித்துப் போட்ட மிஷினை வாங்கிக்கொண்டு ஊர் திரும்பியிருந்தேன். தோளில் மாட்டிக்கொள்ளும் பெட்ரோல் மிஷின். நீளக் குழாயின் நுனியில் இரும்புத் தகடு சுற்றும். புல், புதர், கட்டைவிரல் பருமனுள்ள சீமைக்கருவேலம் எதுவானாலும் சீவித் தள்ளிவிடும். எங்கள் சீமையில் கண்ணுக்கெட்டிய தூரம் வரை கருவேலம்தான். இவ்வளவு முள் கிடக்கிற ஊரில் எனக்கு வேலைக்கா குறைச்சல் என்று நினைத்தேன்.

எனக்கு அவசரம் இருந்தது. என் மனைவி பயராபீஸில் வேலை பார்த்தாள். பட்டாசு ஆலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவளுக்குத் திரி செருகும் வேலை. அந்த வருடம் ஆடி மாதம் பக்கத்து ஆபீஸில் ஒரு ரூம் வெடித்தது. கேட்டில் கழற்றிப் போட்ட செருப்பை எடுக்கக்கூட நிற்காமல் வீடு வரை வெறுங்காலோடு ஓடி வந்தாள். தீபாவளி முடிந்து ஆபீஸ் ஒரு மாதம் லீவு விடும். திரும்பத் திறக்கும்போது நீ போக வேண்டாம், அதற்குள் நாலு நிரந்தரமான வாடிக்கை பிடித்துவிடுகிறேன் என்று சொன்னேன். அவள் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. சரி என்றே எடுத்துக்கொண்டேன்.

முதலில் போனது சாத்தூர் பக்கம் ஒரு சம்சாரியிடம். எட்டு ஏக்கர் கரிசல், முழுக்க முள் மண்டிக் கிடந்தது. வெட்டிச் சுத்தம் செய்ய என்ன கூலி என்று சொன்னேன். மனிதர் பல் குத்திக்கொண்டே கேட்டுவிட்டுச் சிரித்தார்.

“கரிமூட்டம் போடுறவன் எனக்குத் துட்டுக் குடுத்து வெட்டிட்டுப் போறான். நீ வெட்டுறதுக்கு நான் ஒனக்குத் துட்டுக் குடுக்கணுமாக்கும்?”

கரிக்காரன் விறகுக்காக மேலே மட்டும் வெட்டுவான், அடிக்கட்டை கிடக்கும், ஒரு மழைக்கு இரண்டு மடங்காகத் துளிர்க்கும் என்று சொல்லிப் பார்த்தேன். துளிர்த்தால் திரும்பவும் துட்டு வரும் என்றார். மிஷினைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். அவர் நாயைக்கூட அதட்டவில்லை. அது என் பின்னாலேயே ரோடு வரைக்கும் குரைத்துக்கொண்டு வந்தது.

பிறகு நோட்டீஸ் அடித்தேன். திருத்தங்கலில் ஒரு பிரஸ்காரர், கலர் சரியாக விழாமல் ஒதுக்கின காலண்டர் தாளின் பின்பக்கத்தில் மலிவாக அடித்துக் கொடுத்தார். ஒரு பக்கம் என் விளம்பரம், மறுபக்கம் முருகனின் முகத்தில் பாதியும் மயிலின் கழுத்தும். டீக்கடை டீக்கடையாகக் கொடுத்தேன். ஒரு வாரம் கழித்துப் போய்ப் பார்த்தால், மூன்று கடையில் முருகன் தெரிகிற மாதிரி ஒட்டியிருக்கிறார்கள், என் விளம்பரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. நாலாவது கடைக்காரர் சாமி முகத்தை இப்படியா வெட்டுவார்கள் என்று என்னைப் பிடித்துத் திட்டினார். விருதுநகரில் ஒரு மிளகாய் வத்தல் மண்டிக்காரர் மட்டும் பொறுமையாகப் படித்துவிட்டு, அந்தத் தாளிலேயே சாம்பிள் வத்தலைப் பொட்டலம் மடித்தார்.

கடைசியில் பயராபீஸ்களைச் சுற்றத் தொடங்கினேன். காய்ந்த புல் கிடந்தால் அவர்களுக்குத்தான் வம்பு. இன்ஸ்பெக்‌ஷனுக்கு ஆள் வருவதற்குள் வெட்டியே ஆக வேண்டும். முதல் ஆபீஸில் வாட்ச்மேன் மிஷினைக் கண்டதுமே கம்பை எடுத்துவிட்டார்.

“ஏலே, பெட்ரோலத் தூக்கிக்கிட்டு எங்கனலே வார? கூறு இருக்கா ஒனக்கு?”

கூறு இல்லைதான். ஆனால் அதைச் சொல்ல அவர் யார் என்று அங்கேயே நின்று சண்டை போட்டேன். வீட்டுக்கு வந்து சொன்னதும் மனைவி சிரிக்காமல் கேட்டுக்கொண்டாள். “எங்க ஆபீஸ் பக்கம் மட்டும் போயிராதீக” என்றாள். ஏன் என்று கேட்டேன். அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். கேவலம் என்று நினைக்கிறாளோ என்று எனக்குக் கோபம் வந்தது. மறுநாள் நேரே அங்கேதான் போனேன்.

தீபாவளி லீவு. மருந்தும் சரக்கும் எதுவும் இல்லாமல் ரூம்கள் காலியாகக் கிடந்தன. அதனால் போர்மேன் மிஷினை உள்ளே விட்டார். அதிகம் பேசாத மனிதர். “திறப்புப் பூஜைக்குள்ள முடிச்சிருங்க. ஒரு முள்ளு இருக்கக் கூடாது” என்றார். வேலை பிடித்திருந்தால் வருடம் முழுக்க இந்த ஆபீஸும், முதலாளியின் தம்பி நடத்துகிற இரண்டு ஆபீஸும் எனக்கே என்றார். அன்று சைக்கிளில் திரும்பும்போது சந்தோஷத்தில் இதுவரை வேலை தராதவர்களையெல்லாம் மனதுக்குள் வைதுகொண்டே வந்தேன்.

நாலு நாள் வெட்டினேன். ரூமுக்கும் ரூமுக்கும் நடுவில் இடுப்பளவு புல், வேலியோரம் கருவேலங்கன்று, நடைபாதைகளில் நெருஞ்சி. எஸ்டேட்டில் அட்டைக்கும் பாம்புக்கும் பயந்து போட்டுப் பழகிய முழங்கால் பூட்ஸ் காலில் இருந்தது. வெட்டிய கிளைகளை வாரி வெளியே குவித்தேன். கேட்டில் நின்று பார்த்தால் இடம் மொட்டை அடித்த தலை மாதிரி பளிச்சென்று இருந்தது. போர்மேன்கூட அங்கே நின்றபடியே மெச்சித் தலையை ஆட்டினார்.

பூஜையன்று காலையில் மனைவி பழைய சேலை ஒன்றை உடுத்திக்கொண்டு கிளம்பினாள். பூஜைக்கு மட்டும் போய்விட்டு வருகிறேன் என்றாள். நானும் ஒப்பந்தம் பேச வேண்டுமே என்று பூட்ஸோடு பின்னால் போனேன். கேட்டுக்கு வெளியே பூசணிக்காய் உடைத்துச் சூடம் காட்டி, சுண்டல் கொடுத்தார்கள். பிறகு பெண்கள் வழக்கம்போலக் கேட்டில் வரிசையாகச் செருப்பைக் கழற்றினார்கள். உரசிப் பொறி கிளம்பிவிடக் கூடாதென்று பயராபீஸுக்குள் எல்லோரும் வெறுங்கால்தான். இது எனக்குத் தெரியாததா? பத்து வருடமாகத் தெரியும்.

முதலில் போன பெண் பத்தடியில் “ஆத்தீ” என்று உட்கார்ந்தாள். அடுத்தவளும் உட்கார்ந்தாள். அரிவாளால் வெட்டியிருந்தால் முள் கிளையோடு போயிருக்கும். மிஷின் அதைச் சுக்குச்சுக்காகச் சிதறடித்து நடைபாதை நெடுக விதைத்திருந்தது. பூட்ஸுக்குள் இருந்த என் காலுக்கு அது தெரியவே இல்லை. பெண்கள் சேலையிலிருந்து ஊக்கை எடுத்து முள்ளை நோண்டிக்கொண்டே என்னையும் என் மிஷினையும் என்னைப் பெற்றவர்களையும் ஏசினார்கள். என் மனைவி மட்டும் கேட்டைத் தாண்டவில்லை. குனிந்து தரையைப் பார்த்துவிட்டு என் பூட்ஸைப் பார்த்தாள்.

“இதுக்குத்தான் வராதீகன்னேன். நாங்க எப்படி நடப்போம்னு ஒரு தடவையாச்சும் நெனச்சீகளா?”

போர்மேன் சத்தம் போடவில்லை. முள் பொறுக்கி முடியும்வரை யாரும் ரூமுக்குப் போக வேண்டாம் என்று மட்டும் சொன்னார். நான் முட்டி போட்டுக் கையால் பொறுக்கத் தொடங்கினேன். எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்த நேரத்திலும் கோபம் அவர்கள் மேல்தான் வந்தது. கொஞ்ச நேரத்தில் என் மனைவி சேலையைச் செருகிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து பொறுக்கினாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. முடியும்போது உச்சிவெயில்.

போர்மேன் ரிஜிஸ்தரை எடுத்துப் பேர் வாசித்தார். ஏழாவதோ எட்டாவதோ அவள் பேர் வந்தது. “இருக்கேன்” என்றாள்.

வேலையை விட்டு நின்றுவிட்டதாகச் சொல்லிப் பேரை எடுக்கச் சொல்லவில்லையா என்று அவளிடம் கேட்டேன். குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தாள்.

“நான் எப்பச் சொன்னேன், எடுக்கச் சொல்லி?” என்றாள். ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு தன் ரூமைப் பார்த்து நடந்தாள்.

ஒப்பந்தத்தைப் பற்றி நானும் கேட்கவில்லை, போர்மேனும் பேசவில்லை. வெளியே வரிசையில் அவள் செருப்பு கிடந்தது. சாயங்காலம் அவள் அதே வழியாகத்தான் திரும்ப வேண்டும். பூட்ஸைக் கழற்றி அந்தச் செருப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, கேட்டிலிருந்து அவள் ரூம் வாசல் வரை ஒரு தடவை நடந்து பார்த்தேன். மூன்று இடத்தில் குத்தியது.