கைராசிக்காரி

எழுபதுகளின் கடைசியில் சேலத்தில் பிரசவ நர்ஸ் பயிற்சியில் இருந்தேன். நாங்களே பார்த்த இருபது பிரசவங்களைத் தேதி, நேரம், எடையோடு கேஸ் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கினால்தான் நர்ஸாகப் பதிவு செய்ய முடியும்.

என் அறைத்தோழி முதலில் பார்த்த பிரசவங்கள் எல்லாமே ஆண் குழந்தை. எனக்கு வாய்த்தவை எல்லாம் பெண். இந்தப் பேச்சு வார்டு முழுக்கப் பரவிவிட்டது. "அந்தக் கைராசிக்காரப் புள்ளையக் கூப்புடுங்க சாமி" என்று பிரசவத்துக்கு வந்தவர்கள் அவளையே கேட்டு, என்னை ஒதுக்கினார்கள். அவள் புத்தகம் நிறைந்தது. எனக்கு இருபதாவது பிரசவத்துக்கான கடைசிப் பக்கம் காலியாகவே கிடந்தது. அவள் தூங்கும்போது அவள் விரல்களைப் பார்ப்பேன். என் விரல்களைவிட அவை ஒன்றும் உசத்தியாகத் தெரியவில்லை.

பயிற்சி முடியும் வாரத்தில், மூன்று பையன்களைப் பெற்ற ஒருத்தி எடப்பாடியிலிருந்து வந்தாள். வலியிலும் தெளிவாகக் கேட்டாள். "பொட்டப் புள்ளையா எடுக்கற அம்மிணி எங்கீங்க? அவங்கதான் வேணுங்க."

ஓடினேன். பிறந்தது ஆண். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

"என்ற ராசியத் திருடிட்டியா புள்ள?" என்று தோழி சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடைசிப் பக்கத்தில் 'ஆண்' என்று பெரிதாக எழுதினேன். மை காயட்டும் என்று புத்தகத்தைத் தோழியின் கட்டிலிலேயே விரித்து வைத்தேன்.